திராட்சைத் தோட்டத்துக் கூலி: கிறிஸ்தவ நெறியில் வீடுபேற்றுக்கு ஏது

உயிர் வீடுபெறுதற்கு ஏது யாது? உயிரின் தகுதியா, இறைவனது தன்மையா, இவ்விரண்டுமா? இவ்வினா எழாத சமயம் இல்லை. சைவசித்தாந்தத்தில் இதன் விடை சத்திநிபாதம் என்னுந் தலைப்பின்கீழ் விரித்துரைக்கப்படும். கிறிஸ்தவ நூலார் கிருபை என்னுந் தலைப்பின்கீழ் இதனையே ஆராய்வர். அவர் கூறும் விடையை உள்ளவாறு அறிந்து, நம் ஆசிரியர் கூறும் விடையோடு ஒப்பவைத்து நோக்குதல் இக்கட்டுரையின் கருத்து.

இவ்வாராய்ச்சிக்குக் கம்பம் பள்ளத்தாக்கை நிலைக்களமாகக் கொள்கின்றோம். தேனி மாவட்டத்தில் மேற்குமலைகளின் மடியிற் கிடக்கும் இந்நிலத்தில் சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் திருக்கோயிலும், உத்தமபாளையத்துத் திருக்காளாத்தீசுவரர் திருக்கோயிலும் சைவர் வழிபாட்டுக்கு உரியனவாய் விளங்குகின்றன. அவற்றிற்கு அணித்தாகவே அனுமந்தன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களிற் கத்தோலிக்கர் தம் ஆலயங்களை எடுத்து வாழ்கின்றனர். வடபாற் பெரியகுளத்துப் பக்கம் 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனார் சபைகளை நிறுவினர். அச்சபைகள் 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையுள் அடங்கின. ஆகவே கிருபையைக் குறித்துத் தம்முள் மாறுகொண்ட கிறிஸ்தவப் பிரிவினர் இருவரும், அருளைப் பேசும் சைவரும், ஒரே ஆற்றுநீரை உண்டு வாழும் இடம் இது.

அடுத்தடுத்து வாழினும் ஒருவர் கொள்கையை மற்றவர் செவிவழிச் செய்தியாகவே அறிந்துளர். சைவருள் ஒரு சாரார், எத்துணைக் கொடிய பாவமும் நம்பினேன் என்னும் ஒரு சொல்லால் ஒழியும் என்பது கிறிஸ்தவர் கொள்கை, அஃது இறைவனது நீதிக்கு இழுக்கு என்பர். கிறிஸ்தவருள் ஒரு சாரார், வினைக்கீடாகவே பயன் என்பது சைவர் கொள்கை, ஆதலின் அவர் வணங்கும் இறைவன் கணக்கனேயன்றி அருளாளன் அல்லன் என்பர். இரண்டும் வழக்காடுவோர் தத்தம் வசதிக்கு வரைந்துகொண்ட சித்திரங்களே.

பிறர் மதத்தை மறுக்கப் புகுமுன் அதனை அவர் கூறுமாறே கூறிக்காட்டுதல் நம் ஆசிரியர் மரபு. அருணந்தி சிவாசாரியார் சித்தியார்ப் பரபக்கத்திலும், உமாபதி சிவாசாரியார் 1313ஆம் ஆண்டையொட்டிச் செய்த சங்கற்ப நிராகரணத்திலும் அம்மரபைக் காணலாம். அந்நூல்களிற் கிறிஸ்தவ மதம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. பிற்காலத்தில் 1854இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்ட ஆறுமுக நாவலர், அதற்கு முன் யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அந்நூலின் வன்மை அவர்தம் வாக்குவன்மையினின்று மட்டும் வந்ததன்று. எதிரியின் நூலை எழுத்தெண்ணிக் கற்றதனாலும் வந்தது. அக்கல்வி இன்று நம்மிடையே அருகியே காணப்படுகின்றது.

முதற்கண் சொல்லை நோக்குவாம். கிறிஸ்தவரின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுந்தது. ஆண்டு வரும் ‘காரிஸ்’ என்னுஞ் சொல், இனிமை, தயவு, கைம்மாறு கருதாத கொடை, அக்கொடையினால் எழும் நன்றி எனப் பல பொருள் தருவது. பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் இதனோடு இயைபுடையது ‘எசெத்’; ஒருகாற் கொண்ட உறவை மறுதலையார் முறித்தபோதும் தான் கைவிடாத பேரன்பு என்பது அதன் கருத்து. இவற்றைத் தமிழிற் கொணர்ந்தோர் பலவாறு முயன்றனர். பழைய கத்தோலிக்கச் செபங்களில் ‘பிரியதத்தம்’ என்றும், ஞானோபதேச நூல்களில் ‘வரப்பிரசாதம்’, ‘இஷ்டப்பிரசாதம்’ என்றும் வரும். சீர்திருத்தச் சபையார் ‘கிருபை’ என்பர். பிற்காலக் கத்தோலிக்கர் ‘அருள்’ என்றே வழங்குவர். இவற்றுட் பிரியதத்தம் என்பதே மூலத்திற்கு மிக அணித்தாயது என்பது நம் துணிபு. பிரியத்தினாலே தத்தஞ் செய்யப்பட்டது என அச்சொல் தானே தன் காரணத்தையும் உரைத்துவிடுகின்றது. அச்சொல் வழக்கொழிந்தமை தமிழ்க்கு ஓர் இழப்பேயாம்.

அருள் என்னும் நம் சொல்லை அவர் எடுத்தாளுங்கால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நமக்கு அருள் என்பது இறைவன் எடுத்துக் கொடுக்கும் ஒரு பொருளன்று. அவனிற் பிரிவறநிற்கும் சத்தியே அருள். ஞாயிறும் அதன் ஒளியும்போலக் குணியும் குணமுமாய்த் தாதான்மியமாய் நிற்பது அது. மேற்றிசைக் கத்தோலிக்க வித்துவான்கள், உயிரிடத்தே தோற்றுவிக்கப்படும் அருள் ஒன்று, தோற்றமில்லாத அருளாகிய இறைவன் ஒன்று என இரண்டாகப் பகுப்பர். கீழைத் திருச்சபையைச் சார்ந்த கிரகோரி பாலமாஸ் என்பவர் (1296-1359) அவ்வாறு கூறவில்லை. இறைவனது உள்ளியல்பு எவ்வுயிராலும் எட்டப்படாதது. அவனது ஆற்றல்களோ அவ்வியல்பிற் பிரியாதன, படைக்கப்படாதன. உயிரைத் தெய்வநிலைக்கு உய்ப்பன அவையே என்பது அவர் நாட்டிய கொள்கை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் அருளது நிலை என ஓர் அதிகாரம் வகுத்த காலத்தை ஒட்டியே, கடல் பல கடந்து ஒருவர் இவ்வாறு எழுதினர் என்பது நினைவுகூரத் தக்கது.

இனிப் பொருளை நோக்குவாம். கிறிஸ்து கூறிய உவமைகளுள் இப்பள்ளத்தாக்கினர்க்கு விளக்கம் வேண்டாதது ஒன்று உண்டு. அது திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை. மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்திற் காணப்படுவது. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களைச் சூழப் பந்தலிட்டு வளர்க்கப்படும் பன்னீர்த் திராட்சை 2023இற் புவிசார் குறியீடு பெற்றது. தமிழகத்திற்கு அவ்வினத்தை 1832இற் கொணர்ந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்பர். கவாத்துக்கும் கனி பறிப்புக்கும் ஆள் வேண்டிய நாளில், விடியுமுன் யார் அழைக்கப்படுவர், யார் நிற்கவைக்கப்படுவர் என்பதும், மாலையிற் கூலி எண்ணப்படும்போது எழும் முணுமுணுப்பும் அங்குள்ளார்க்கு ஏட்டறிவல்ல.

உவமை இது. தோட்டமுடையான் ஒருவன் விடியற்காலையிற் சிலரை ஒரு நாட்கூலி பேசி அமர்த்துகின்றான். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மீண்டும் கடைவீதிக்குச் சென்று வேறு சிலரை அழைத்துவருகின்றான். மாலை ஐந்து மணிக்குச் செல்லுங்கால் இன்னும் சிலர் நிற்கின்றனர். பகல் முழுதும் வாளா நிற்பதேன் என வினாவ, தம்மை ஒருவரும் வேலைக்குக் கொள்ளவில்லை என்பது அவர் விடை. அவரையும் அனுப்புகின்றான். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தார்க்கு முதலிற் கொடுக்கும்படி கூறி, அவர்க்கும் முழு நாட்கூலியே அளிக்கின்றான். வெயிலிற் பாடுபட்டவர் முறுமுறுக்கின்றனர். பேசிய கூலியிற் குறைவின்றிக் கொடுத்தேன், என் பொருளை என் விருப்பப்படி கொடுத்தல் தகாதோ, நான் நல்லனாயிருத்தல் உனக்குக் கண்ணெரிச்சலாயிற்றோ என்பது உடையான் மறுமொழியின் கருத்து.

இவ்வுவமையிற் கடைசியில் வந்தோர் முழுக்கூலி பெற்றமைக்கு ஏது யாது? அவர் உழைப்பன்று, அஃது ஒரு மணி நேரமே. பேசிய உடன்படிக்கையும் அன்று. அவரோடு தொகை பேசப்படவில்லை. தோட்டமுடையான் நல்லன் என்பதொன்றே ஏது. வாங்குவோன் பக்கத்திற் காரணம் தேடுவார்க்கு ஒன்றும் அகப்படாதவாறு இக்கதை கட்டப்பட்டிருக்கின்றது. நம் நாட்டுப் பழஞ்செப்பேடுகளிலோ தானம் பெற்றவரின் குலமும் கல்வியும் ஒழுக்கமும் விரித்துக் கூறப்படுதல் வழக்கம். பாத்திரமறிந்து ஈதல் அரசர்க்கு அறம். சின்னமனூர்ச் செப்பேடுகளாற் புகழ்பெற்ற அவ்வூர்க்குச் சில கல் தொலைவில், பாத்திரம் நோக்காத ஒரு கொடையைக் குறித்த இக்கதை ஞாயிறுதோறும் படிப்போர் இருக்கின்றனர்.

இறைவனது குணமே ஏது என்னும் இக்கருத்து யூதர் வேதத்திலேயே வேரூன்றியது. மோசே இறைவனது மகிமையைக் காண விரும்பினார். அவர்க்கு அறிவிக்கப்பட்டது உருவன்று, குணம்: இரக்கமுடைமை, கிருபையுடைமை, சினத்திற்கு விரையாமை, எசெத்து மிகுதி என்பன. ஆனால் அவ்விடத்திலேயே குற்றவாளியைக் குற்றமற்றவனென விடுவானல்லன் என்பதும் உடன் கூறப்பட்டது. யோனா என்னுந் தீர்க்கதரிசியின் வரலாறு இன்னும் சுவையுடையது. நினிவே என்னும் பகைநகர் அழியுமென அறிவிக்க அனுப்பப்பட்ட அவர், அந்நகரார் மனந்திரும்ப இறைவன் அழிவை நிறுத்தியதும் வெகுண்டனர். இறைவன் இரக்கமுடையன் என்பது தமக்கு முன்னரே தெரியும் என்றும், அதனாலன்றோ முதலில் தாம் இப்பணிக்கு அஞ்சி ஓடியது என்றும் முறையிட்டனர். இறைவனது குணத்தையே குற்றமாகச் சாட்டிய அடியார் இவரைப்போல் வேறொருவரை நாம் கண்டிலேம். பிறர்க்கு அருளும்போது இறைவன்பாற் சினங்கொள்ளும் அந்நோய் யூதர்க்கே உரியதன்று.

இரக்கமும் நீதியும் ஒருவன்பால் ஒருங்கு நிற்குமாறு யாங்ஙனம் என்பதே கிறிஸ்தவ சித்தாந்தத்தின் நடுமுடிச்சு. பவுல் உரோமர்க்கு எழுதிய திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் மரணத்தினால் இறைவன் தானும் நீதியுடையனாய், நம்புவோரையும் நீதிமான்களாக்குவோனாய் விளங்கினான் என்கின்றார். அன்செல்ம் என்பார் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாவத்தாற் குன்றிய இறைமாட்சிக்கு ஈடு செய்யவேண்டும், மனிதனே செய்யக் கடமைப்பட்டவன், இறைவனே செய்ய வல்லவன், ஆதலின் இறைவன் மனிதனானான் என வாதித்தார். அபெலார்டு என்பார் அடுத்த நூற்றாண்டில், அம்மரணம் கடன் தீர்த்தலன்று, அன்பின் எல்லையைக் காட்டி நம் நெஞ்சை உருக்குவது எனக் கூறினார். ஈடு என்னும் கொள்கையை மட்டும் கிறிஸ்தவம் எனக் கொண்டு, ஒருவன் வினை மற்றொருவனைச் சாருமோ என மறுத்து நம்மவர் அமைந்துவிடுவர். மறுப்பு நியாயமானதே. எனினும் ஈட்டை ஏற்படுத்தியவனும் இறைவனே, சினந்த இறைவனைப் பிறரொருவர் தணித்ததன்று என்பதில் அவ்விரு திறத்தாரும் ஒத்திருத்தலை நோக்கல்வேண்டும். சிலுவையினால் இறைவன் அன்புடையன் ஆயினான் என்பது அவர் கொள்கையன்று. அன்புடையன் ஆதலின் சிலுவை உண்டாயிற்று என்பதே அவர் கொள்கை.

கத்தோலிக்கர்க்கும் சீர்திருத்தச் சபையார்க்கும் இதன்கண் உள்ள வழக்கைச் சுருங்கக் கூறுவாம். 1517இல் லூத்தர் தொடங்கிய கிளர்ச்சியின் உள்ளீடு, கிருபையொன்றாலே, நம்பிக்கையொன்றாலே மனிதன் நீதிமானாக எண்ணப்படுவன் என்பது. 1547இல் திரெந்து சங்கத்தார், முதல் அசைவு கிருபையினதே, ஆயினும் மனித விருப்பம் அதனோடு உடன்பட்டு ஒத்துழைக்கவேண்டும், நீதி வெறுமனே எண்ணப்படுவதன்று உயிரினுள் உண்மையாக விளைவது எனத் தீர்த்தனர். பல நூற்றாண்டு கழிய, 1999 அக்டோபர் 31இல் கத்தோலிக்கத் திருச்சபையாரும் உலக லூத்தரன் கூட்டமைப்பினரும் ஒரு கூட்டறிக்கையிற் கையெழுத்திட்டு, மனிதன் ஏற்கப்படுவது தன் தகுதியாலன்று, கிருபையினாலேயே என்பதில் தாம் ஒன்றுபடுவதாக அறிவித்தனர். வைணவருள் வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் உவமை காட்டும் வழக்கினை அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இனி நம் சித்தாந்தத்திற்கு வருவாம். இறைவனது எண்குணங்களுட் பேரருளுடைமை ஒன்று. அது முடிவிலாற்றலோடும் இயல்பாகவே பாசங்களின் நீங்குதலோடும் உடன்வைத்து எண்ணப்படுவது; பிறிதொன்றாற் பிறந்ததன்று. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் அருளின் செயலேயாம். மறைத்தலைச் செய்யும் திரோதான சத்தியும், மலத்தின்வழி நின்று அதனைச் செலுத்துதல்பற்றி மலமென உபசரிக்கப்படினும், உண்மையில் அருளே. ஆகவே இறைவனது தன்மையே வீடுபேற்றுக்கு ஏது என்னும் வாக்கியம் சைவர்க்குப் புதிதன்று. உயிரின் நன்மையையன்றித் தனக்கென ஒன்றும் வேண்டாதவன் இயற்றும் தொழில் வேறெதனை ஏதுவாகக் கொள்ளும்?

வேறுபாடு வேறோரிடத்தில் உளது. சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரத்தில், வேடரிடையே வளர்ந்து தன்னை அறியாத அரசகுமாரனைத் தந்தையாகிய அரசன் குருவாய் வந்து உணர்த்தி மீட்கும் உவமை உளது. லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில், தந்தையிடம் தன் பங்கைப் பிரித்து வாங்கிச் சென்று அழித்து, பசியால் வருந்தித் திரும்பும் இளைய மகனைத் தந்தை ஓடிச்சென்று தழுவும் உவமை உளது. இரண்டிலும் தந்தையே மீட்போன். இரண்டிலும் மகன் மகனேயன்றிப் பிறனாகவில்லை. ஆயினும் நம் அரசகுமாரன் தந்தையைத் துறந்து சென்றவனல்லன். தான் இன்னான் என்பதையே அறியாதவன். ஆணவமலம் அனாதி, செம்பிற் களிம்புபோல் உடன்கிடந்தது. லூக்காவின் மகனோ தந்தையை அறிந்தே நீங்கினன். அவனுக்கு வேண்டியது அறிவுறுத்தலன்று, மன்னிப்பு. நோயாளியின் வீடுவேறு, குற்றவாளியின் வீடுவேறு. இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் நூலெழுதிய செருமானிய அறிஞர் உருடோல்பு ஒட்டோ, இரண்டும் அருளைப் பேசினும் அவை சுழலும் அச்சு வேறு என்றார். அவர் பெரும்பாலும் வைணவத்தை நோக்கி எழுதினாரேனும், அக்கூற்று ஈண்டும் பொருந்தும். எனினும் கிறிஸ்தவர் தம் சமயத்தின் சிறப்பாக இதனைக் காட்டுமிடத்து, அறியாமையினின்று விடுவித்தல் மன்னித்தலினும் எளிய அருளன்று என நாம் கூறுவோம். தன்னை அறியாதவன் திரும்பிவரவும் மாட்டான். அவனைத் தேடி அரசனே காட்டிற்குச் செல்லல்வேண்டும்.

வினைக்கீடாகவே பயன் என்னும் நம் கொள்கையை மீண்டும் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று. வினை மூன்றனுட் பிராரத்தம் நுகர்ந்து கழிவது. ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழிவது. சஞ்சிதமோ நிருவாண தீக்கையில் ஆசாரியனை அதிட்டித்து நிற்கும் இறைவனால் அத்துவசுத்தியிற் கெடுக்கப்படுவது. எண்ணிறந்த பிறவிகளில் ஈட்டிய அம்மூட்டை முழுதும் நுகர்ந்து தொலைக்கப்படுவதன்று. நுகராத வினை கெடுமோ எனக் கிறிஸ்தவரை வினாவும் சைவர், தம் சஞ்சிதத்திற்கு அவ்வினாவை ஒருமுறை விடுத்துப் பார்ப்பாராக. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற்புராணத்தில் மாபாதகந் தீர்த்த படலம் உளது. தாயைக் கூடித் தந்தையைக் கொன்ற ஒருவன், எங்குச் சென்றும் உய்தி பெறாதவன், மதுரையிற் புக்கான். பெருமான் உமையம்மையோடு வேட்டுவ வடிவில் எழுந்தருளி, அவன் உய்யுமாறு வழி கூறியருளினன். அவன்பால் யாது தகுதி இருந்தது? ஒன்றுமில்லை. எனினும் நாம் கவனிக்கத்தக்கது, வழி கூறப்பட்டமை: ஒருபோதுண்டல், பசுவுக்குப் புல்லிடல், தீர்த்தமாடல், அங்கப்பிரதக்கிணம் என்பன. அவ்வொழுக்கம் அருளுக்கு விலையன்று. அருள் அவனுள் வேலைசெய்யும் முறை. திரெந்து சங்கத்தார் கூற முயன்றதும் ஏறக்குறைய இதுவே.

இருதிறத்தார்க்கும் பொதுவான கடாவொன்று எஞ்சியுளது. இறைவனது தன்மையே ஏதுவாயின், அத்தன்மை எல்லார்க்கும் ஒன்றன்றோ? சிலர் பெறச் சிலர் பெறாமை என்னை? கிறிஸ்தவருள் அகுஸ்தீன் பெலாகியரோடு வாதிட்டு, மனிதன் தன் முயற்சியால் நன்மையைத் தொடங்கவும் வல்லனல்லன் என நாட்டினார். 418இற் கார்த்தேஜ் சங்கம் அவர் பக்கம் நின்றது. அதனை முடிவுவரை இழுத்துச்சென்ற கல்வின் வழியினர், இறைவன் சிலரை அனாதியே தெரிந்தெடுத்தான் என்றனர். அர்மீனியர் வழியினர் மறுத்தனர். 1618-19இல் தோர்த்துச் சங்கம் அவரை விலக்கியது. முடிவில் எல்லாரும் மீள்வர் என்னும் ஒரிகென் கொள்கை பண்டே 553இற் கடியப்பட்டது. ஆகவே பெரும்பாலோர் கொள்கைப்படி, ஒரு பிறவியின் இறுதியில் எல்லை இடப்படுகின்றது; அப்பால் முடிவில்லாத இழப்பும் உண்டு. ஈண்டே கிறிஸ்தவக் கொள்கை தன் சொல்லாலேயே நெருக்குண்கின்றது என்பது நம் துணிபு. அந்தி ஐந்து மணிவரை கடைவீதிக்குச் சென்று ஆள் தேடியவன், ஆறு மணிக்குப்பின் தேடாமைக்கு அவன் நற்குணத்தினின்றே காரணங் காட்டல் இயலாது.

நம் ஆசிரியர் இறைவனிடத்து வேற்றுமை கூறாது மலத்தினிடத்துக் கூறினர். ஆணவம் ஒன்றேயாயினும் உயிர்தோறும் மறைத்துநிற்கும் அதன் சத்திகள் வேறுவேறு. அவை தத்தம் காலவெல்லையில் நீங்கும். மலபரிபாகமும் இருவினையொப்பும் நிகழ, சத்தி பதியும். அதுவும் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். ஒரே ஞாயிற்றின்முன் ஒரு தாமரை அலர்வதும் ஒன்று அரும்பாய் நிற்பதும்போல என்பது வழக்கமான உவமை. இப்பள்ளத்தாக்கினர்க்கு வேறொன்றும் கூறலாம். மேற்கடலை நோக்கியோடிய பெரியாற்று நீர், 1895இற் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணையாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தாலும் கீழ்த்திசை திருப்பப்பட்டு இங்கு வந்தது. 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை நம்பியுளது. அந்நிலம் எதுவும் அந்நீரை ஈட்டியதன்று. மதகு திறந்த அன்றே தலைமடை நனையும். கடைமடைக்குச் சில நாட் செல்லும். நீரின் தன்மையில் வேறுபாடில்லை. உவமை இவ்வளவே, அணையில் நீர் வற்றுவதுண்டு, அருட்கு வற்றுதல் இல்லை.

இனி, பரிபாகம் என்பதை உயிரின் சம்பாத்தியமாகக் கொள்வாரை நோக்கி ஒன்று கூறல்வேண்டும். மலத்தைப் பக்குவப்படுத்துவது யாது? உயிரன்று, உயிர் மலத்தாற் கட்டுண்டது. மலமன்று, அது சடம். திரோதான சத்தியே அதனைச் செலுத்திப் பரிபாகம் வருவிக்கின்றது. எனவே பக்குவமும் அருளின் விளைவே. பக்குவம் வந்தபின் அருள் வரும் என்பது தோன்றும் முறைபற்றிய கூற்றேயன்றி, பக்குவத்தை விலையாகக் கொடுத்து அருளைக் கொள்ளலாம் என்பதன்று. இதனை மறந்தவிடத்து அபக்குவர் என்னுஞ் சொல் ஆராய்ச்சிச் சொல்லாக நில்லாது, வாயிற்கதவின் தாழாக மாறிவிடுகின்றது.

அவ்வாறு மாறியதும் உண்டு. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் தாழ்த்தப்பட்டோர் முதன்முதற் சென்று வழிபட்டது 1939 சூலை 8ஆம் நாள். அதற்குமுன் எத்துணைத் தலைமுறையினர் புறத்தே நின்றனர்! அவரைப் புறத்தே நிறுத்தியோர் கூறிய காரணங்களுட் பிறவியும் தகுதியின்மையும் தலையாயன. அக்காலத்தே மதுரைச் சீமையில், தகுதி வினாவப்படாத கொடையொன்று உண்டெனக் கிறிஸ்தவ உபதேசியார் தெருவில் நின்று கூறியபோது, அச்சொல்லைக் கேட்டுச் சென்றவர்களைச் சோற்றுக்காகச் சென்றனர் என்று எளிதாக முடித்துவிட்டோம். சிலர் அங்ஙனமும் சென்றிருப்பர். ஆயினும், தம்மை ஒருவரும் வேலைக்குக் கொள்ளவில்லை என்ற அந்தி நேரத்து வேலையாட்களின் விடையை அவர்கள் தம் விடையாகக் கேட்டிருத்தல் கூடும் என்பதை நாம் எண்ணிப்பார்த்திலேம். கிறிஸ்தவ ஊர்களிலும் பின்னர்ச் சாதி புகுந்தது என்பது வேறு வழக்கு. அஃது அவர் தம் உவமைக்கு விடையிறுக்கவேண்டிய இடம்.

நமக்கு விடை வேண்டுமாயிற் பெரியபுராணத்திலேயே உளது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருவாலவாயின் வாயிலிற் புறத்தே நின்று யாழிசைத்தார். அவர் உள்ளே வரத் தக்கவரா என ஒருவரும் ஆராய்ந்ததாகச் சேக்கிழார் கூறிலர். இறைவன் தொண்டர்க்கெல்லாம் கனவிற் பணிக்க, அவர்கள் பாணரைத் திருமுன்பு கொண்டு புகுந்தனர். தரையின் குளிர்ச்சியால் யாழின் நரம்புகள் தளரும் என்று பொற்பலகை இடும்படி வானில் ஒரு திருவாக்கும் எழுந்தது. பாணர் பலகை வேண்டவில்லை.